முதலாளி இல்லாத அன்னைக்கும் யூனிட் ஓடணும்னா: சின்ன கம்பெனி நடத்துறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பத்து பேர்ல இருந்து அம்பது பேர் வரைக்கும் வேலை பாக்கற யூனிட் நடத்துறவங்களுக்காக இத எழுதறேன். கோயம்புத்தூர் பக்கம் சிஎன்சி ஷாப்பா (கம்ப்யூட்டர் மூலமா ஓடற மெஷின்ல உலோகம் கடையற இடம்) இருக்கட்டும், திருப்பூர்ல தையல் யூனிட்டா இருக்கட்டும், ஓசூர்ல தகடு அடிக்கற பிரஸ் ஷாப்பா இருக்கட்டும், நிலைமை பெரும்பாலும் ஒண்ணுதான். எந்த பார்ட்டிக்கு (வேலை குடுக்கற கஸ்டமருக்கு) என்ன ரேட், எந்த மெஷின் சத்தம் மாறினா எத பாக்கணும், அவசரத்துக்கு எந்த சப்ளையர் கடனுக்கு மெட்டீரியல் தருவார், எல்லாமே முதலாளி தலைக்குள்ள மட்டும்தான் இருக்கும். அவர் சொந்தக்காரங்க கல்யாணத்துல உக்காந்திருந்தாலும் ஃபோன் அடிச்சிட்டே இருக்கும். "நான் இல்லேன்னா ஒண்ணும் நடக்காது"ன்னு பெருமையா சொல்ற முதலாளிங்க நிறைய பேர பாத்திருக்கேன், ஆனா அவருக்கு உடம்பு முடியாம ஒரு மாசம் படுத்துட்டா அங்க வேலை பாக்கற முப்பது குடும்பம் என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க, அது பெருமைப்படற விஷயம் இல்ல.

தலைக்குள்ள இருக்கற தொழில வெளிய எடுத்து மத்தவங்க கையில குடுக்கறதுதான் நிர்வாகம்னு நான் நம்பறேன். அத எப்படி பண்றதுன்னு வரிசையா சொல்றேன். ஒரே மாசத்துல முடியற வேலை இல்ல, ஆறுல இருந்து எட்டு மாசம் பொறுமையா பண்ணுங்க, வரிசைய மட்டும் மாத்தாதீங்க, ஏன்னா முதல் படி இல்லாம மூணாவது படிக்கு போனா நிக்காது.

முதல்ல: உங்ககிட்ட வர்ற கேள்விகள எழுதுங்க

ரெண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு பாக்கெட்லயே வச்சுக்கோங்க. யூனிட்ல இருந்து யார் வந்து என்ன கேட்டாலும், ஃபோன்ல கேட்டாலும், வாட்ஸ்அப்ல கேட்டாலும் ஒரு வரி எழுதுங்க. யார் கேட்டாங்க, என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க. இந்த ரெண்டு வாரம் எதையும் மாத்த வேண்டாம், எப்பவும் போல பதில் சொல்லிட்டே இருங்க, எழுதறத மட்டும் விட்டுடாதீங்க.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து மூணா பிரிங்க. கேட்டவருக்கே பதில் தெரிஞ்சிருந்தும் உங்க வாயால ஒரு "சரி" வாங்க வந்த கேள்விங்க ஒண்ணு. விவரம் உங்ககிட்ட மட்டும் இருக்கறதால வந்த கேள்விங்க ரெண்டாவது, அதாவது ரேட், ட்ராயிங் எங்க இருக்கு, பார்ட்டி ஃபோன் நம்பர் இந்த மாதிரி. மூணாவது, நிஜமாவே நீங்க மட்டும் முடிவு பண்ண வேண்டியது.

மூணாவது வகை ரொம்ப கம்மியா இருக்கும். முதல் வகைதான் குவிஞ்சு கெடக்கும், இதுல நீங்க கவனிக்க வேண்டியது அவங்க ஏன் தெரிஞ்சும் கேக்கறாங்கங்கறத. இன்சர்ட் (மெஷின்ல வெட்டற முனை) தேஞ்சிருக்கு, மாத்தட்டுமான்னு பன்னெண்டு வருஷம் மெஷின்ல நின்ன ஆள் வந்து கேக்கறார்னா அவருக்கு வேலை தெரியாம இல்ல, எப்பவோ ஒரு தடவ அவரா மாத்தினதுக்கு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கியிருப்பார், அன்னையில இருந்து கேக்காம எதையும் தொடறதில்லன்னு முடிவு பண்ணிட்டார். திட்டினவருக்கு அது அன்னைக்கு சாயங்காலமே மறந்து போயிருக்கும்.

உங்களால மட்டும் முடியற வேலை எது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைய இந்த இடத்துல கட்டாயம் தெரிஞ்சுக்கணும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில இருந்து 58 வயசுல ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச இடம் அது. இன்னைக்கு உலகத்துலயே பெரிய கண் சிகிச்சை அமைப்புகள்ல ஒண்ணு, பெரிய அளவுல ஏழைகளுக்கு இலவசமாவும் சலுகை விலையிலயும் ஆபரேஷன் பண்ணிட்டு சொந்தக் கால்ல நிக்குது. அங்க கவனிக்க வேண்டியது வேலைய பிரிச்ச விதம். கண்புரை ஆபரேஷன்ல சர்ஜன் கை மட்டுமே பண்ணியாகணும்ங்கற பகுதி கொஞ்ச நேரம்தான். முன்னாடி பண்ற பரிசோதனை, பேஷண்ட தயார் பண்றது, அப்புறமா பாத்துக்கறது, இதெல்லாம் பயிற்சி குடுத்தா வேற ஆள் நல்லாவே பண்ண முடியும். அதனால கிராமத்துப் பொண்ணுங்கள தேர்ந்தெடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்து அந்த வேலைகள அவங்க பொறுப்புல விட்டாங்க. ஒரு சர்ஜனுக்கு பக்கத்து பக்கத்துல ரெண்டு டேபிள், ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த பேஷண்ட் ரெடியா இருப்பாங்க, டாக்டர் அப்படியே திரும்பி அடுத்தத ஆரம்பிச்சுடுவார்.

உங்க நோட்டையும் இதே கண்ணோட பாருங்க. புது பார்ட்டிக்கு ரேட் பேசறது, பெரிய மெஷின் வாங்கற முடிவு, பேங்க் லோன், முக்கியமான ஆள எடுக்கறது, இதெல்லாம் சர்ஜன் வேலை. டெலிவரி சலான் போடறது, அளவு பாக்கற கேஜ் எங்கன்னு தேடிக் குடுக்கறது, டெம்போக்காரருக்கு ஃபோன் பண்றது இதுலயே காலைல பதினொரு மணி ஆகுதுன்னா சர்ஜன் ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டு இருக்கார்னு அர்த்தம்.

முடிவெடுக்கற எல்லைய பேப்பர்ல எழுதி ஒட்டுங்க

"நீயே பாத்துக்கோப்பா"ன்னு வாயால சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. எது வரைக்கும் பாத்துக்கலாம்னு அவருக்கு தெரியாது, தப்பாச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னும் தெரியாது. அதனால தொகைய எழுதுங்க. உதாரணத்துக்கு சூப்பர்வைசர் 3,000 ரூபாய் வரைக்கும் கேக்காம செலவு பண்ணலாம், பில் மட்டும் வேணும். ஸ்டோர்ஸ்ல இருக்கறவர் லிஸ்ட்ல இருக்கற டூல்ஸ், இன்சர்ட், கூலன்ட் எல்லாம் இந்த அளவுக்கு கீழ போனா அவரே ஆர்டர் போடலாம். ஃபர்ஸ்ட் பீஸ் சரியில்லேன்னா ஆபரேட்டரே மெஷின நிறுத்தலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல. ஓவர்டைம் ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தன பேர் வரைக்கும் சூப்பர்வைசர் முடிவு. தொகை உங்க யூனிட்டுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கோங்க, ஆனா எண் கட்டாயம் இருக்கணும்.

இதுக்கப்புறம்தான் கஷ்டமான பகுதி. அவர் எடுக்கற முடிவு நீங்க எடுத்திருக்கக் கூடிய முடிவா இருக்காது. 2,400 ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்கியிருப்பார், நீங்க போயிருந்தா பேரம் பேசி 2,100க்கு வாங்கியிருப்பீங்க. அந்த 300 ரூபாய விட்டுடுங்க. எல்லார் முன்னாடியும் "யார கேட்டு வாங்குன"ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா ஒட்டின பேப்பர கிழிச்சிடலாம், அடுத்த நாள்ல இருந்து எல்லா கேள்வியும் திரும்ப உங்ககிட்டயே வந்துரும். சொல்லியே ஆகணும்னா சாயங்காலம் தனியா கூப்பிட்டு, அடுத்த தடவ இன்னும் ரெண்டு கடையில கேட்டுப் பாருங்கன்னு சொல்லுங்க. அதே மாதிரி சூப்பர்வைசர தாண்டி ஆள் யாராவது நேரா உங்ககிட்ட வந்தா, எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் "அவர்கிட்ட கேளுங்க"ன்னு திருப்பி அனுப்புங்க. லீவு கேட்டு வந்தாலும் அப்படித்தான். நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு நீங்க லீவு குடுத்துட்டா அன்னையோட சூப்பர்வைசர் பேச்சுக்கு மதிப்பு போச்சு.

குடும்பத் தொழில்னா இன்னொரு விஷயம் இருக்கு, நம்ம ஊர்ல அதுதான் பெரிய விஷயம். அண்ணன் காலைல வந்து இந்த ஜாப் மொதல்ல ஓட்டுன்னு சொல்லுவார், மத்தியானம் தம்பி வந்து அத எறக்கிட்டு வேற ஜாப் ஏத்த சொல்லுவார், ரெண்டு செட்டிங் நேரமும் வீணாகி சாயங்காலம் ரெண்டு பார்ட்டிக்கும் மால் போகாது. இதுக்கு நடுவுல அப்பா, அவர்தான் ஆரம்பிச்சவர், தினமும் பத்து மணிக்கு ஒரு ரவுண்டு வந்து பழைய ஆளுங்ககிட்ட தனியா ஏதாவது சொல்லிட்டு போவார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனா வேலை பாக்கறவங்க யார் பேச்ச கேக்கறதுன்னு தெரியாம, கடைசியா யார் சத்தம் போட்டாங்களோ அவங்க பேச்ச கேப்பாங்க. வீட்லயே உக்காந்து பேசி முடிச்சிடுங்க. ப்ரொடக்ஷன் ஒருத்தர், கணக்கும் கலெக்ஷனும் ஒருத்தர். அப்பா சொல்ல நினைக்கறத பையன்கிட்ட ஆபீஸ் ரூம்ல சொல்லட்டும், ஷாப் ஃப்ளோர்ல வேண்டாம். இத அவருக்கு மரியாதை குறையாம எடுத்துச் சொல்லணும், முடிஞ்சா அம்மாவ வச்சு சொல்லுங்க. முடிவ வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க, இல்லேன்னா பழைய பழக்கம் ஒரு வாரத்துல திரும்பி வந்துரும்.

வேலைய கத்துக்குடுக்க ஒரு முறை வேணும்

நம்ம யூனிட்கள்ல புது ஆள் வந்தா "அண்ணன் கூட நில்லு, பாத்து கத்துக்கோ"ன்னு விட்டுடறோம். அண்ணனுக்கோ அவரோட ப்ரொடக்ஷன் எண்ணிக்கை முக்கியம், கத்துக்குடுத்தா தன் இடம் போயிருமோன்னு பயமும் உண்டு, அதனால பாதிதான் சொல்லுவார்.

ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்காவுல அனுபவம் இல்லாத லட்சக்கணக்கான பேர திடீர்னு ஃபேக்டரி வேலைக்கு எடுக்க வேண்டி வந்தது. அப்ப அந்த அரசாங்கம் ஒரு பயிற்சி முறைய உருவாக்குச்சு, போருக்கு அப்புறம் அது ஜப்பானுக்குப் போயி டொயோட்டா இன்னைக்கு வரைக்கும் அதோட வழியில வேலை கத்துக்குடுக்குது. நாலே கட்டம்தான். முதல்ல ஆள பதட்டம் இல்லாம உக்கார வச்சு, அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேக்கறது. ரெண்டாவது, வேலைய செஞ்சு காட்டறது, ஒவ்வொரு படியா, அதுல எது முக்கியம், ஏன் முக்கியம்னு காரணத்தோட. மூணாவது, அவர செய்ய விட்டு, செய்யும்போதே காரணத்த அவர் வாயாலயே சொல்ல வைக்கறது. நாலாவது, தனியா விட்டுட்டு அப்பப்ப வந்து பாக்கறது, பாக்கற இடைவெளிய கொஞ்சம் கொஞ்சமா அதிகமாக்கறது. அந்தப் பயிற்சியோட அடிப்படையே, கத்துக்கறவர் கத்துக்கலேன்னா கத்துக்குடுத்தவர் சரியா கத்துக்குடுக்கலங்கறதுதான்.

"ஏன்" சொல்றதுதான் நாம விடற இடம். ஜாப்ப சக்குல (ஜாப்ப புடிச்சு சுத்தற பாகம்) மாட்டறதுக்கு முன்னாடி அதோட தாடையில இருக்கற இரும்புச் சீவல ஏர் அடிச்சு சுத்தம் பண்ணுன்னு சொன்னா ரெண்டு நாள் செய்வார், மூணாவது நாள் அவசரத்துல விட்டுடுவார். ஒரு சின்ன சீவல் நடுவுல மாட்டுனா ஜாப் சாஞ்சு உக்காரும், சுத்தும்போது ஆடும் (ரன்அவுட்), அந்த பேட்ச் முழுக்க ரிஜெக்ட் ஆகும்னு டயல் வச்சு கண்ணால காட்டினா விட மாட்டார்.

இன்னைக்கு நிறைய யூனிட்ல பீகார், ஒடிசாவுல இருந்து வந்த பசங்கதான் பாதி பேர். தமிழ்ல எழுதி ஒட்டறது அவங்களுக்கு உதவாது. நல்ல பீஸ் ஒண்ணு, கெட்ட பீஸ் ரெண்டு மூணு விதம், மெஷின் பக்கத்துலயே போர்டுல மாட்டுங்க, தப்பு இருக்கற இடத்துல சிவப்பு பெயின்ட் வைங்க. செட்டிங் பண்றத மொபைல்ல வீடியோ எடுத்து வைங்க. ஹிந்தி தெரிஞ்ச ஆள் ஒருத்தர சூப்பர்வைசருக்கு துணையா போடுங்க. அவங்கள பேர் சொல்லி கூப்பிடுங்க, "டேய் ஹிந்தி"ன்னு கூப்பிடற யூனிட்ல யாரும் ஒரு வருஷம் தங்க மாட்டாங்க, தங்கணும்னு எதிர்பாக்கறதும் நியாயம் இல்ல.

கத்துக்குடுக்கற சீனியருக்கு தனியா ஒரு தொகை குடுங்க, புது ஆள் தனியா மெஷின் ஓட்ட ஆரம்பிச்ச மாசத்துல. கத்துக்குடுத்தா நம்ம இடம் போகாது, மேல போவோம்னு அவர் நம்பணும். பயம் போகாம எந்த ஆளும் முழுசா சொல்லித்தர மாட்டார்.

கெட்ட செய்தி உங்ககிட்ட சீக்கிரம் வரணும்

அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல ஃப்ரீமான்ட்னு ஒரு ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஃபேக்டரி ஒண்ணு இருந்தது. லீவு போடறவங்க நிறைய, சண்டை, திடீர் ஸ்ட்ரைக், தரம் மோசம், 1982ல மூடிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 1984ல டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே எடத்த நும்மிங்கற பேர்ல திறந்தாங்க. வேலைக்கு எடுத்ததுல பெரும்பாலானவங்க அதே பழைய தொழிலாளர்கள்தான், யூனியனும் அதேதான். ரெண்டு வருஷத்துக்குள்ள அங்க தயாரான கார்களோட தரம் ஜப்பான் ஃபேக்டரிக்கு பக்கத்துல வந்துருச்சு, ஆப்சென்ட்டும் தரைக்கு வந்துருச்சு. ஆள் மாறல, நடத்துன விதம் மாறிச்சு.

அங்க லைன் மேல ஒரு கயிறு போகும். எந்தத் தொழிலாளிக்கு ஏதாவது தப்பா தெரிஞ்சாலும் இழுக்கலாம். இழுத்த உடனே டீம் லீடர் ஓடி வருவார், குறிப்பிட்ட தூரம் போறதுக்குள்ள சரி பண்ண முடியலேன்னா லைன் நின்னுரும். அதே பழைய ஃபேக்டரியில எது ஆனாலும் லைன நிறுத்தக் கூடாதுங்கறதுதான் சட்டமா இருந்தது, தப்பான கார் அப்படியே கடைசி வரைக்கும் போயி அங்க குவியும்.

சின்ன யூனிட்ல கயிறு வேண்டாம், உங்க முகம்தான் கயிறு. ஆபரேட்டர் வந்து "சார், நாப்பது பீஸ் அண்டர்சைஸ் ஆயிருச்சு"ன்னு, அதாவது அளவு கொறஞ்சு போச்சுன்னு, சொன்ன அந்த முதல் பத்து செகண்ட்ல நீங்க என்ன பண்றீங்கங்கறத சுத்தி நிக்கற எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க. சத்தம் போட்டீங்கன்னா அடுத்த தடவ அந்த நாப்பது பீஸ் நல்ல பீஸோட கலந்து பார்ட்டிக்கு போயிரும், அங்க இருந்து முழு லாட்டும் திரும்பி வரும். "நல்லவேள சொன்னீங்க, மெஷின் இப்ப நிக்குதா?"ன்னு கேளுங்க, அதுக்கப்புறம் எப்படி ஆச்சுன்னு. யார் பண்ணதுங்கற கேள்விய அன்னைக்கு கேக்கவே வேண்டாம்.

கூடவே தினமும் ஷிஃப்ட் ஆரம்பத்துல பத்து நிமிஷம் நின்னபடியே ஒரு மீட்டிங் போடுங்க. வெள்ளை போர்டு ஒண்ணு, மூணே எண். நேத்து எவ்வளவு டிஸ்பாட்ச் ஆச்சு, எவ்வளவு ரிஜெக்ஷன், எந்த மெஷின் எவ்வளவு நேரம் நின்னுச்சு. இன்னைக்கு எது தடையா இருக்கும்னு ஒவ்வொரு ஆளையும் கேளுங்க. முதல் மாசம் யாரும் வாய் திறக்க மாட்டாங்க, அதுக்காக நிறுத்தாதீங்க. மீட்டிங்க நடத்தறது சூப்பர்வைசரா இருக்கணும், நீங்க ஓரமா நில்லுங்க. இதெல்லாம் பெரிய கம்பெனிக்குன்னு நினைக்க வேண்டாம், சென்னை பாடியில சுந்தரம் கிளேட்டன் பிரேக் டிவிஷன் 1998ல தர நிர்வாகத்துக்கு ஜப்பான் குடுக்கற டெமிங் பரிசு வாங்கினப்ப இந்தியாவுலயே அதுதான் முதல் கம்பெனி, அங்கயும் அடித்தளம் ஷாப் ஃப்ளோர்ல இருக்கறவங்க தினமும் பிரச்சினைய எடுத்து வச்சு சரி பண்ற பழக்கம்தான்.

சம்பளம், அட்வான்ஸ், சட்டம்

இதுல சுருக்கமா சொல்றேன், ஆனா விடக் கூடாதது. சம்பளத் தேதி மாறவே கூடாது. அடுத்த மாசம் 7ஆம் தேதி தாண்டக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. பார்ட்டி பணம் வரலங்கறது உங்க பிரச்சினை, அவங்க வீட்டு வாடகை காத்திருக்காது. அட்வான்ஸ் குடுத்தா ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு எழுதி அவங்க கையெழுத்து வாங்குங்க, எவ்வளவு புடிக்கப் போறீங்கன்னு முன்னாடியே சொல்லுங்க. 10 பேர் ஆனா ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 பேர் ஆனா பிஎஃப். ஈஎஸ்ஐக்கு சம்பளத்துல ஆளோட பங்கு 0.75 சதவீதம், நம்ம பங்கு 3.25 சதவீதம், 21,000 ரூபாய் சம்பளம் வரைக்கும். புடிக்கறாங்கன்னு மட்டும்தான் நிறைய பேருக்கு தெரியும், குடும்பத்துக்கே வைத்தியம் உண்டுன்னு யாரும் சொல்றதில்ல, உக்கார வச்சு சொல்லுங்க, கார்டு எடுக்க ஒரு நாள் சம்பளத்தோட அனுப்புங்க. 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்படி எல்லா தொழிலாளருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் குடுக்கணும், வேலைய விட்டு போறவருக்கு சம்பள பாக்கிய ரெண்டு வேலை நாளுக்குள்ள தீர்க்கணும். 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துல பெண்கள் பாதுகாப்புக்கான உள் புகார் குழுவும் 2013 சட்டப்படி கட்டாயம், பெரும்பாலான சின்ன யூனிட்ல அது பேப்பர்ல கூட கிடையாது, அது தப்பு.

பார்ட்டிகிட்ட இருந்து வர வேண்டிய பணத்துக்கும் ஒரு ஆள் பொறுப்பா இருக்கணும். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பதிவு) இருக்கற சிறு, குறு உற்பத்தி யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் வரணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்த போல மூணு மடங்கு கூட்டு வட்டி கேக்க 2006 சட்டத்துல இடம் இருக்கு. எல்லா பில்லயும் உத்யம் நம்பர் அச்சடிங்க. வாரம் ஒரு தடவ, திங்கக்கிழமை காலைல, 30 நாள் தாண்டின பில் லிஸ்ட் உங்க டேபிளுக்கு வந்தா போதும், ஃபோன் பண்றது அவர் வேலை.

ஒத்துவராத ஆள்

வேலையில கெட்டிக்காரர், ஆனா கூட இருக்கறவங்கள கேவலமா பேசுவார், புதுசா வர்ற ஆள் எல்லாம் அவராலயே ஓடிப் போவாங்க. இப்படி ஒருத்தர் அனேகமா எல்லா யூனிட்லயும் இருக்கார், அவர் போயிட்டா மெஷின் நின்னுருமேன்னு முதலாளி வாய மூடிட்டு இருப்பார். மொதல்ல அவர் செய்யற வேலைய இன்னும் ரெண்டு பேருக்கு கத்துக்குடுத்து முடிங்க, அதனாலதான் பயிற்சிய முன்னாடியே சொன்னேன். அப்புறம் தனியா கூப்பிட்டு, என்ன பேசினார், எந்த நாள், யார்கிட்டன்னு குறிப்பா சொல்லுங்க, "நீங்க சரியில்ல"ன்னு பொதுவா சொன்னா யாருக்கும் புரியாது. ரெண்டு மாசம் டைம் குடுங்க. நிஜமா மாறுனவங்க உண்டு, அவங்க கதைய கேட்டா இது வரைக்கும் யாருமே அவங்ககிட்ட நேரா சொன்னதில்லங்கறதுதான் இருக்கும். மாறலேன்னா கணக்கு தீர்த்து, மரியாதையா அனுப்பி வைங்க.

கடைசியா, இல்லாம இருந்து பாருங்க

ஆறாவது மாசம் ஒரு நாள் யூனிட்டுக்கு போகாதீங்க. அடுத்த மாசம் தொடர்ந்து மூணு நாள். அப்புறம் ஒரு வாரம். தீபாவளிக்கு முன்னாடி டிஸ்பாட்ச் நெருக்கடியில பண்ணாதீங்க, ஆர்டர் கொஞ்சம் மெதுவா இருக்கற வாரமா பாருங்க, தேதிய சூப்பர்வைசர்கிட்ட கேட்டே முடிவு பண்ணுங்க. ஃபோன எப்ப எடுப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, விபத்து, தீ, போலீஸ், பெரிய பார்ட்டி நேர்ல வந்தா, இந்த நாலுக்கு மட்டும். சிசிடிவிய மொபைல்ல திறந்து பாக்காதீங்க, பாத்தா ஃபோன் பண்ணாம இருக்க முடியாது, அது அவங்களுக்கும் தெரிஞ்சுரும்.

திரும்பி வந்த அன்னைக்கு போர்டுல இருக்கற எண்ணையும், ஒரு வாரத்துல அவங்க எடுத்த முடிவுகள எழுதி வச்ச நோட்டையும் பாருங்க. "சார் வரட்டும்"னு நிறுத்தி வச்சது என்னென்னன்னு தனியா கேட்டு எழுதிக்கோங்க. அதுல ஒவ்வொண்ணுக்கும் யார் முடிவெடுக்கலாம், எந்த எல்லை வரைக்கும்னு அன்னைக்கே சூப்பர்வைசரோட உக்காந்து பேசி, செவுத்துல இருக்கற பேப்பர்ல சேர்த்து புதுசா ஒட்டிடுங்க. அடுத்த ஒரு வார லீவு மூணு மாசம் கழிச்சுன்னு காலண்டர்ல குறிச்சு வைங்க.